பாதாம் பால் எடுத்தாச்சு... சக்கையை என்ன செய்வது? ஓவன் இல்லாமலே உருண்டை, லட்டு, பார்!

காலை ஏழு மணி. மிக்ஸி சத்தம் அடங்கியிருக்கிறது. இரவு முழுக்க ஊறிய பாதாமை அரைத்து, வெள்ளைத் துணியில் ஊற்றி, முறுக்கிப் பிழிந்தாயிற்று. பால் பாட்டிலில் ஏறி ஃப்ரிட்ஜுக்குள் போய்விட்டது. சிங்க் ஓரத்தில், துணிக்குள் இரண்டு கைப்பிடி வெள்ளைச் சக்கை மிச்சம் இருக்கிறது.

"அம்மா, இதைக் கொட்டிடவா?" என்கிறாள் மகள்.

"காசு கொடுத்து வாங்கின பாதாம்டி, கொட்டாதே!" என்கிறார் அம்மா.

"அப்போ என்ன பண்ண?" என்ற அடுத்த கேள்விக்குத்தான் பதில் இல்லை. கிண்ணத்தில் போட்டு மூடி வைக்கிறார்கள். மூன்று நாள் கழித்துத் திறந்தால் புளித்த வாடை. கடைசியில் அது குப்பைக் கூடைக்குத்தான் போகிறது.

இது பல வீடுகளில் நடக்கும் கதை. மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், வீகன் உணவுக்கு மாறியவர்கள், பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாதாம் பால் செய்து தருபவர்கள் என எல்லோருக்கும் இந்தச் சக்கை மிஞ்சுகிறது. பாதாம் மட்டுமா? ஆடி மாதம் தேங்காய்ப்பால் எடுக்கும்போதும், ஆப்பத்துக்குப் பால் பிழியும்போதும், திருநெல்வேலிப் பக்கத்து மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைக்கும்போதும் தேங்காய்ச் சக்கை குவிகிறது. நிலக்கடலைப் பால் செய்கிறவர்கள் வீட்டில் கடலைச் சக்கை.

இந்தச் சக்கையில் அருமையான இனிப்பு செய்யலாம். ஓவன் தேவையில்லை, பேக்கிங் தேவையில்லை. ஆனால், ஒரு விஷயத்தை மட்டும் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அதுதான் ஈரம்.

சக்கையில் சத்து இருக்கிறதா?

இருக்கிறது. 100 கிராம் பாதாமில் சுமார் 21 கிராம் புரதமும், 12 கிராம் நார்ச்சத்தும், 50 கிராம் கொழுப்பும் உண்டு. அரைத்துப் பிழியும்போது கொழுப்பிலும் புரதத்திலும் ஒரு பகுதி பாலோடு போய்விடும். தண்ணீரில் கரையாத நார்ச்சத்து துணியிலேயே தங்கிவிடும். மிச்சப் புரதமும் கொழுப்பும்கூடச் சக்கையில்தான் இருக்கும்.

கடையில் விற்கும் பாதாம் பால் பெரும்பாலானவற்றில் ஒரு டம்ளருக்கு 1 கிராம் அளவுதான் புரதம் இருக்கும். அதே அளவு மாட்டுப்பாலில் சுமார் 8 கிராம். வீட்டில் கெட்டியாக எடுத்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனாலும், 'சத்தெல்லாம் பாலில் இறங்கிடுச்சு, இது வெறும் சக்கை' என்று நினைப்பது சரியல்ல.

சோயா பால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கைக்கு ஜப்பானில் 'ஒகாரா' என்று தனிப் பெயரே உண்டு. காய்கறி சேர்த்துப் பொரியல் போலச் செய்து சாப்பிடுகிறார்கள். கொரியாவில் அதையே 'பிஜி' என்று அழைத்து, குழம்பாக வைக்கிறார்கள். அவர்களுக்கு அது கழிவே அல்ல, இன்னொரு சமையல் பொருள்.

பாட்டி உருண்டைக்கும் சக்கை உருண்டைக்கும் என்ன வித்தியாசம்?

'நோ பேக்' என்ற பெயர்தான் புதுசு. நம் வீட்டு எள்ளுருண்டை, மாலாடு, பொரிவிளங்காய் உருண்டை எதற்குமே ஓவன் கிடையாது. வறுத்து, இடித்து அல்லது திரித்து, வெல்லமோ சர்க்கரையோ சேர்த்து உருட்டியவைதான். அவை டப்பாவில் பல நாள் கெடாமல் இருப்பதற்குக் காரணம், அவற்றில் ஈரம் மிகக் குறைவு. எள்ளும் பொட்டுக்கடலையும் காய்ந்த பொருள்கள். வெல்லத்தைப் பாகு காய்ச்சும்போது அதிலுள்ள தண்ணீரும் வற்றிவிடுகிறது. ஈரம் இல்லாத இடத்தில் கிருமிகள் எளிதில் பெருக முடியாது.

சக்கை அப்படியல்ல. எவ்வளவு முறுக்கிப் பிழிந்தாலும் தொட்டால் கை நனையும். 'பாட்டி செய்த உருண்டை பத்து நாள் இருந்ததே' என்று நினைத்து, ஈரச் சக்கையில் உருட்டியதை மேடையில் வெளியே வைத்தால், நம் ஊர் வெயிலுக்கு அன்று மாலையே கெட ஆரம்பித்துவிடும். அதைச் சாப்பிடும் பிள்ளைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம்.

ஆக, வழி இரண்டுதான். ஈரத்தோடு செய்தால் ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளில் முடித்துவிட வேண்டும். பல நாள் வைத்துச் சாப்பிட வேண்டுமானால், முதலில் சக்கையை வறுத்து உலர்த்த வேண்டும்.

பால் எடுக்கும்போதே கவனிக்க வேண்டியவை

* கொதிநீர்க் குளியல்: அடுப்பே தொடாமல் சாப்பிடப் போகும் பாதாம் என்றால், ஊறவைக்கும் முன் கொதிக்கும் நீரில் 2 நிமிடம் போட்டு எடுங்கள். கலிபோர்னியாவில் விளைந்த பச்சை பாதாமால் 2001-லும் 2004-லும் சால்மோனெல்லா கிருமித் தொற்று பரவியது. அதன்பிறகு 2007-ல் இருந்து, வட அமெரிக்காவில் விற்கப்படும் கலிபோர்னியா பாதாமை வெப்பம் போன்ற முறைகளால் கிருமி நீக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் கட்டாயமானது. நம் கடைகளுக்கு வரும் பாதாமுக்கு அந்த விதி பொருந்தாது. கொதிநீரில் போடுவதில் இன்னொரு லாபம், தோல் சட்டென்று கழன்றுவிடும்.

* ஊறவைத்தல்: கோடைக்காலத்தில் இரவு முழுக்க வெளியே ஊறவைக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாக அலசி, புதுத் தண்ணீர் விட்டு அரையுங்கள்.

* துணி: பிழியும் துணியில் சிக்கிய சக்கைதான் அடுத்த முறை எடுக்கும் பாலைக் கெடுக்கும். உதறி, சோப்பு போட்டு அலசி, கொதிநீரில் முக்கி, வெயிலில் காயப்போடுங்கள்.

* நேரம்: பிழிந்த சக்கையை உடனே பயன்படுத்தாவிட்டால், 2 மணி நேரத்துக்குள் மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். இரண்டு நாளில் செய்ய முடியாது என்று தெரிந்தால் ஃப்ரீசரில் போடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மிஞ்சும் வீடுகளில், ஃப்ரீசரில் சேர்த்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செய்துவிடலாம்.

ஒரு கப் பாதாமில் சுமார் முக்கால் முதல் ஒரு கப் வரை ஈரச் சக்கை கிடைக்கும். ஒரு முறை உருண்டை பிடிக்க அதுவே போதும்.

உலர்த்துவது எப்படி?

அடி கனமான வாணலியைச் சிறு தீயில் வைத்து, எண்ணெய் விடாமல் சக்கையைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் ஆவி வரும், கட்டி கட்டியாக ஒட்டும். கரண்டியால் உடைத்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ரவை போல உதிரும். நிறம் மாறும் முன் இறக்கி, தட்டில் பரப்பி ஆறவிடுங்கள்.

சரியாக உலர்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. நன்றாக ஆறியதைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். உள்பக்கம் பனித்துளி போல நீர் கோத்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி வாணலியில் போடுங்கள்.

மொட்டைமாடியில் காயவைக்கிற பழக்கம் உள்ளவர்கள், வாணலியில் பாதி ஈரம் போனபிறகு மெல்லியதாகப் பரப்பி, மேலே துணி கட்டி, நல்ல வெயிலில் வைக்கலாம். மழைக்காலத்தில் இது வேண்டாம். காய்வதற்கு முன்பே புளித்துவிடும்.

உலர்ந்த சக்கையை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றினால் மாவு தயார். காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று வாரம் வரை பயன்படுத்தலாம். சிக்கு வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

1. பாதாம் சக்கை – பேரீச்சை உருண்டை (அடுப்பே வேண்டாம்)

*தேவையானவை:* நன்றாகப் பிழிந்த பாதாம் சக்கை – 1 கப், கொட்டை நீக்கிய மென்மையான பேரீச்சை – 12, பொட்டுக்கடலை மாவு – கால் முதல் அரை கப், ஏலக்காய்த்தூள் – கால் டீஸ்பூன், உப்பு – 1 சிட்டிகை, புரட்டி எடுக்க வறுத்த எள் – தேவைக்கேற்ப.

*செய்முறை:* பேரீச்சையைத் தண்ணீர் விடாமல் மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். பழம் காய்ந்து இருந்தால் பத்து நிமிடம் வெந்நீரில் போட்டு, தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டு அரைக்கலாம். இதோடு சக்கை, ஏலக்காய், உப்பு சேர்த்துப் பிசையுங்கள். பொட்டுக்கடலை மாவை ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். ஈரத்தை உறிஞ்சுவது அதன் வேலை. கையில் ஒட்டாமல் உருட்ட வரும்போது நிறுத்திவிடலாம். நெல்லிக்காய் அளவு உருட்டி, எள்ளில் புரட்டி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். 15, 16 உருண்டை வரும்.

*எத்தனை நாள்?* ஃப்ரிட்ஜில் 3 நாள். வெளியே வைக்கக் கூடாது.

2. தேங்காய்ச் சக்கை லட்டு

முதல் பால், இரண்டாம் பால் எடுத்த தேங்காய்ச் சக்கையில் எண்ணெய்ப்பசை குறைந்திருக்கும். அப்படியே உருட்டினால் உதிர்ந்துவிடும். அதனால் நெய் வேண்டும்.

*தேவையானவை:* வறுத்து உலர்த்திய தேங்காய்ச் சக்கை – 1 கப், பொட்டுக்கடலை மாவு – அரை கப், பொடித்த நாட்டுச் சர்க்கரை – அரை கப், ஏலக்காய்த்தூள் – கால் டீஸ்பூன், இளஞ்சூடான நெய் – 3 டேபிள்ஸ்பூன்.

*செய்முறை:* உலர்த்திய சக்கையை மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டால் வாயில் நார் தட்டாது. எல்லாப் பொடிகளையும் கலந்து, நெய்யைச் சிறிது சிறிதாக ஊற்றி, சூடு இருக்கும்போதே அழுத்திப் பிடியுங்கள். மாலாடு பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த வேலை. உருட்ட வராவிட்டால் பால் தெளிக்க வேண்டாம், அது சீக்கிரம் கெட்டுவிடும். இன்னும் ஒரு ஸ்பூன் நெய் போதும்.

*எத்தனை நாள்?* ஃப்ரிட்ஜில் ஒரு வாரம்.

3. கடலைச் சக்கை – எள்ளுருண்டை

நிலக்கடலைச் சக்கையைப் பச்சையாகப் பயன்படுத்தக் கூடாது. பச்சை வாடையும் அடிக்கும், வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது. வறுகடலை மணம் வரும்வரை வறுக்க வேண்டும்.

*தேவையானவை:* கடலைச் சக்கை – 1 கப், கறுப்பு எள் – கால் கப், துருவிய வெல்லம் – அரை கப், சுக்குத்தூள் – 1 சிட்டிகை.

*செய்முறை:* சக்கையைச் சிறு தீயில் 15 நிமிடமாவது வறுத்து, லேசாகச் சிவந்ததும் இறக்குங்கள். எள்ளைக் கழுவி, வடித்து, படபடவென்று வெடிக்கும்வரை தனியாக வறுங்கள். இரண்டும் ஆறியபின் வெல்லம், சுக்கு சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். எள்ளின் எண்ணெயும் வெல்லமும் சேர்ந்து பிடிபடும். உடனே உருட்டிவிடுங்கள்.

*எத்தனை நாள்?* ஃப்ரிட்ஜில் 5 நாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக் கொத்தாக இறந்தன. தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நச்சுதான் காரணம் என்று பிறகு தெரியவந்தது. அதுதான் 'அஃப்ளாடாக்சின்'. வறுத்தாலும் வேகவைத்தாலும் இது முழுவதுமாக அழியாது. எனவே கடலையை ஊறவைக்கும் முன்பே பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். கசக்கும் கடலையையும் சேர்க்காதீர்கள்.

4. சாக்லேட் பார்

உருண்டை என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்கு இது.

*தேவையானவை:* உலர்த்திய பாதாம் சக்கை மாவு – 1 கப், பீநட் பட்டர் – கால் கப், இனிப்பில்லாத கோகோ பவுடர் – 2 டேபிள்ஸ்பூன், பேரீச்சை சிரப் – 3 டேபிள்ஸ்பூன், தேங்காய் எண்ணெய் – 1 டேபிள்ஸ்பூன், உப்பு – 1 சிட்டிகை.

*செய்முறை:* எல்லாவற்றையும் கலந்து பிசைந்து, பட்டர் பேப்பர் விரித்த டப்பாவில் அரை அங்குல உயரத்துக்கு அழுத்திப் பரப்புங்கள். 2 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துத் துண்டு போடலாம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். அதனால் பள்ளிக்குக் கொடுத்தனுப்பினால் இன்டர்வெல் மணி அடிப்பதற்குள் குழைந்துவிடும். இதை மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்கு வையுங்கள்.

*எத்தனை நாள்?* ஃப்ரிட்ஜில் 5 நாள்.

'சத்து உருண்டைதானே' என்று அள்ளிச் சாப்பிடலாமா?

கூடாது. 100 கிராம் பேரீச்சையில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரைதான். மேலே சொன்ன பேரீச்சை உருண்டை ஒவ்வொன்றிலும் 3 முதல் 4 கிராம் சர்க்கரை இருக்கும். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்தவற்றில் ஒவ்வொன்றுக்கும் 5, 6 கிராம்.

உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், சிரப் எல்லாம் சேர்த்து ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவிகிதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ம் ஆண்டு பரிந்துரை. அந்த 5 சதவிகிதம் என்பது பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராம். வெல்லமும் இந்தக் கணக்கில்தான் வரும். சக்கையில் நார்ச்சத்து இருப்பது நல்லதுதான். ஆனால், சர்க்கரை நோய் உள்ள தாத்தாவுக்கு 'வெல்லம்தானே' என்று மூன்று லட்டு கொடுத்துவிட முடியாது. ஒன்று கொடுங்கள், அன்றைய மற்ற இனிப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

யாருக்குக் கவனம் தேவை?

* பாதாம், நிலக்கடலை, எள் மூன்றுமே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். முதல்முறை கொடுக்கும்போது சிறு துண்டு மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே ஏதாவது உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். உதடு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

* பள்ளி டிபன் பாக்ஸில் வைத்தால், 'இதில் கடலை இருக்கு, பாதாம் இருக்கு. கேட்காமல் யாருக்கும் கொடுக்காதே' என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். வெளியே பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

* ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் கொடுக்கக் கூடாது.

* 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காகச் செய்யும்போது முழுப் பாதாம், முந்திரியை மேலே பதிக்க வேண்டாம். தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. உருண்டையையும் முழுதாகக் கொடுக்காமல், உதிர்த்து, உட்காரவைத்துக் கொடுங்கள்.

* புளித்த வாடை, பிசுபிசுப்பு, நிறமாற்றம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தச் சக்கையைக் காப்பாற்ற முயல வேண்டாம். செடித் தொட்டிக்கான உரக்குழிக்கு அனுப்பிவிடலாம்.

மிச்சம் யார் தட்டுக்கு?

பெரும்பாலான வீடுகளில் மிஞ்சுவது எதுவானாலும் அம்மாவின் தட்டுக்குத்தான் போகும். தீய்ந்த தோசை, ஆறிய காபி வரிசையில் இந்தச் சக்கையும் சேர்ந்துவிடும். 'கொட்ட மனசில்லை' என்று இரண்டு ஸ்பூன் அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும் அம்மாக்கள் நிறைய.

அதே சக்கை உருண்டையாகி டப்பாவுக்குள் போனால், அது மிச்சம் என்று யாருக்கும் தோன்றாது. மாலையில் வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒன்று எடுப்பார்கள். உருட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விடலாம். அடுப்பு இல்லாத வேலை என்பதால் பயமில்லை. கையை மட்டும் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

டப்பாவின் மேல் செய்த தேதியை எழுதி ஒட்ட மறக்காதீர்கள். மூன்றாம் நாள் காலி டப்பாவைத்தான் பார்ப்பீர்கள் என்றாலும், எழுதி வைப்பது நல்லது!